நாற்பது வயது ஆகிவிட்டால் பரிசோதனை வேண்டாமாம்!

இங்கிலாந்தில் பழைய கார் வைத்திருப்பவர்களிடம் இரண்டு நிமிடம் பேச்சுக் கொடுத்தால் போதும். மூன்றாவது நிமிடத்தில் "என் வண்டிக்கு ரோடு டாக்ஸும் கிடையாது, எம்ஓடியும் கிடையாது" என்று பெருமையாக ஒரு வரி வந்து விழும். முதல் பாதி சரி, காசு மிச்சம், சந்தோஷப்படலாம். இரண்டாவது பாதியைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பழைய வண்டிகளின் மேல் கொஞ்சமாவது ஆசை இருப்பதால்தான் பற்றிக்கொண்டு வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்களே பிடிக்காதவன் எழுதுகிற பதிவு இல்லை இது.

நம்மூர் மக்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். எம்ஓடி என்பது இங்கே கார்களுக்கு வருடா வருடம் எடுக்க வேண்டிய எஃப்.சி. போக்குவரத்து அமைச்சகத்தின் ஆங்கிலப் பெயரில் உள்ள மூன்று முதலெழுத்துகள்தான் பெயர். கார் வாங்கி மூன்று வருடம் ஆனதும் ஆரம்பிக்கும். பிரேக், டயர், விளக்கு, ஸ்டியரிங், அடிப்பாகத்தில் துரு, இப்படி முக்கால் மணி நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு பாஸ் அல்லது ஃபெயில். காருக்கு அதிகபட்சக் கட்டணம் 54 பவுண்டு 85 பென்ஸ். நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் இங்கே அதைவிட அதிகம் ஆகும்.

2018 மே 20 முதல், நாற்பது வயது தாண்டிய கார்களுக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை என்று அரசு சொல்லிவிட்டது. அதற்கு முன் 2012 நவம்பரிலிருந்து 1960க்கு முந்தைய வண்டிகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. இப்போது வருடா வருடம் நகர்ந்துகொண்டே போகும் நாற்பது. கூத்து என்னவென்றால், 1960ல் இந்த எம்ஓடி ஆரம்பித்தபோது அது யாருக்காக வந்தது தெரியுமா? பத்து வயது தாண்டிய வண்டிகளுக்கு மட்டும்! பழைய வண்டிகள்தான் ஆபத்து என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். 1967ல்தான் மூன்று வருடம் என்று இறங்கியது. ஆக, பழைய வண்டிக்காகப் பிறந்த சட்டம், இன்று மூன்று வயதுக் காரைப் பிடித்து ஜாக்கி போட்டுப் பார்க்கிறது. ஐம்பது வயதுக் காரைப் பார்த்து "நீங்க போங்க சார்" என்கிறது.

அரசு சொன்ன காரணம்: இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் நன்றாகப் பராமரிக்கிறார்கள், கொஞ்ச தூரம்தான் ஓட்டுகிறார்கள். இந்த இரண்டாவது காரணத்தை எழுதியவருக்கு ஒரு பழைய காரின் அடியில் படுத்த அனுபவம் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. கொஞ்ச தூரம் ஓட்டுவதுதான் பிரச்சினையே. எப்படி என்று சொல்கிறேன்.

பொத்தாம்பொதுவாகப் பேசாமல் ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்வோம். எம்ஜிபி. துணிக்கூரையை மடித்துவிட்டுத் திறந்தபடி ஓட்டுகிற, இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் உள்ள அபிங்டனில் 1962லிருந்து 1980 வரை தயாரித்தார்கள். கூரை வைத்த ஜிடி வகையையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேல். இங்கே "கிளாசிக் பிரிட்டிஷ் கன்வர்ட்டிபிள்" என்று யாராவது சொன்னால் பாதிப் பேர் மனதில் வரும் உருவம் இதுதான். கடைசி எம்ஜிபி வெளியே வந்தது 1980 அக்டோபரில் என்பதால், இன்று உலகத்தில் உள்ள எல்லா எம்ஜிபிக்கும் நாற்பது தாண்டிவிட்டது. (நம்மூரில் 2019லிருந்து ஓடும் ஹெக்டருக்கும் இதே எம்ஜி பெயர்தான். பெயர் மட்டும்தான். இரண்டுக்கும் நடுவில் சீனக் கம்பெனி ஒன்றும் ஒரு பெரிய சோகக்கதையும் இருக்கிறது, அது தனிப் பதிவு.)

எனக்கு இந்தக் கார் எப்படித் தெரியும்? நான் பர்மிங்ஹாம் பக்கம் மெக்கானிக்கல் படிக்கிறேன். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர். அவரிடம் 1971 மாடல் எம்ஜிபி ஒன்று இருக்கிறது. அவருக்கு முட்டி மடங்காது, எனக்கு மடங்கும். அதனால் காருக்கு மேலே உள்ள வேலை அவருக்கு, கீழே உள்ள வேலை எனக்கு என்று ஒப்பந்தம்.

முதலில் வண்டியைப் பற்றி நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பராமரிக்க இதைவிட எளிமையான கார் கிடையாது. பானெட்டைத் திறந்தால் எஞ்சின் தெரியும்! (இப்போது வரும் கார்களில் ஒரு பிளாஸ்டிக் மூடி தெரியும், அவ்வளவுதான்.) 1798 சிசி, நாலு சிலிண்டர், வார்ப்பிரும்பு. இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். அதன் தலையில் உள்ள மூடியைத் திருகி எடுத்துவிட்டுக் கொஞ்சம் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ஒரு பராமரிப்பு வேலை முடிந்தது. முன் சக்கரத்துக் கிங்பின்னில் கிரீஸ் நிப்பிள்கள் இருக்கின்றன, 3000 மைலுக்கு ஒரு முறை கிரீஸ் அடிக்க வேண்டும். பெட்ரோல் பம்ப் வண்டியின் பின்பக்கம் இருக்கிறது, சாவியைத் திருகினால் டிக் டிக் என்று சத்தம் போடும். சத்தம் வரவில்லை என்றால் அதன் மண்டையில் ஒரு தட்டு தட்டினால் மறுபடி ஓடும், காண்டாக்ட் பாயிண்ட் கரிப்பிடித்திருக்கும். லூகாஸ் கம்பெனி மின்சாரத்தைப் பற்றி "இருட்டின் இளவரசன்" என்று ஆளாளுக்கு ஜோக் அடிப்பார்கள். ஐம்பது வருடமாகக் கழற்றித் துடைக்காத எர்த் இணைப்புக்கு லூகாஸ் என்ன செய்வார் பாவம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முக்கால்வாசி இருட்டு ஓடிவிடும்.

ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் மாணவன்கூடச் செய்துவிடலாம். அதனால்தான் சொல்கிறேன், எஞ்சினைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. நின்றுபோனால் ஓரம் கட்டிவிட்டு தட்டிக்கொண்டிருக்கலாம். கவலை எல்லாம் கண்ணில் படாத இரண்டு விஷயங்களைப் பற்றி.

ஒன்று, சில். கதவுக்கு நேர் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் இரும்புத் தகட்டுப் பெட்டி. இதற்கு முந்தைய எம்ஜிஏ காரில் தனியாகச் சேசிஸ் இருந்தது. எம்ஜிபியில் சேசிஸ் கிடையாது, உடம்பேதான் எலும்பு. கூரை உள்ள காரில் பாரத்தில் கொஞ்சத்தைக் கூரை தாங்கும். திறந்த காரில் கூரை எங்கே இருக்கிறது? துணிதானே! ஆகவே முன் பாதியையும் பின் பாதியையும் பிடித்து வைத்திருப்பதில் பெரும்பங்கு இந்த இரண்டு சில்களுக்குத்தான். வெளித்தகடு, நடுவில் ஒரு தகடு, உள்தகடு, அடியில் கோட்டை மதில் போல மடிந்த ஒரு பட்டை. குளிர்காலத்தில் இங்கே ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் முன் சக்கரத்திலிருந்து தெறித்து இந்தப் பெட்டிக்குள் போய் உட்காரும். துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே பெயின்ட்டில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே கதை முடிந்திருக்கும். சில் இற்றுப்போன வண்டியை நடுவில் ஜாக்கி போட்டுத் தூக்கினால் கதவு திறக்காது, வண்டியே மடிகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, பிரேக். நம் 1971 வண்டியில் பிரேக்குக்கு ஒரே ஒரு சுற்றுதான். அமெரிக்காவுக்குப் போன எம்ஜிபிகளுக்கு 1960களின் கடைசியிலேயே இரட்டைச் சுற்று கொடுத்தார்கள், ஒன்று போனால் இன்னொன்று நிறுத்தும். உள்ளூர்க்காரனுக்கு அந்தக் கொடுப்பினை ரொம்ப நாள் கழித்துத்தான். ஒற்றைச் சுற்றில் எங்கே ஒரு குழாய் வெடித்தாலும் நாலு சக்கரத்துக்கும் கால் பிரேக் காலி. ஹேண்ட் பிரேக் கேபிளைப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தை நினைக்க வேண்டியதுதான்.

இப்போது "கொஞ்ச தூரம்தான் ஓட்டுகிறார்கள்" என்ற வாதத்துக்கு வருவோம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வண்டி ஓடினாலும் இழுக்கும், ஷெட்டில் நின்றாலும் இழுக்கும். நிற்கும் வண்டியில் அந்த ஈரம் பின் சக்கரத்து சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கும், முன் டிஸ்க் பிரேக்கின் பிஸ்டன் இறுகிப்போகும். ரப்பர் ஹோஸ் உப்பும், வெடிக்கும். டயரின் பள்ளம் புத்தம் புதிதாக இருக்கும், பக்கவாட்டில் பாளம் பாளமாக வெடித்திருக்கும். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய்க்கு அது எமன், அதுவும் மாதக்கணக்கில் நின்றால் கேட்கவே வேண்டாம். தினமும் ஆபீஸ் போகும் காரில் இதெல்லாம் ஓட்டுபவனுக்குக் காலில் தெரிந்துவிடும். வருடத்துக்கு ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் காரில் எப்படித் தெரியும்? போன முறை எப்படி இருந்தது என்பதே மறந்திருக்கும்!

எங்கள் வீட்டு வண்டியையே உதாரணமாகச் சொல்கிறேன். பெரியவர் 2016ல் வாங்கினார். அதற்கு முந்தைய உரிமையாளர் எங்கேயோ ஒரு பட்டறையில் கொடுத்து "இரண்டு சில்லும் மாற்றியது" என்று எழுதிய பில்லை வாங்கி வைத்திருந்தார். 2018 வரை எம்ஓடி எடுத்தார்கள். அப்புறம் விலக்கு வந்ததும் பெரியவரும் எல்லோரையும் போல நிறுத்திவிட்டார். வண்டியைச் சும்மா விட்டார் என்று சொல்ல மாட்டேன். வாராவாரம் துடைப்பார். ஆயில் மாற்றுவார். கம்பிச் சக்கரத்தின் ஒவ்வொரு கம்பியையும் பல் துலக்கும் பிரஷால் தேய்ப்பார். அரசு சொன்ன "நன்றாகப் பராமரிக்கிறவர்" என்றால் சாட்சாத் இவர்தான்.

போன வருடம் நான் நச்சரித்து, வேண்டா வெறுப்பாகத்தான் பரிசோதனைக்குக் கொண்டுபோனார். (விலக்கு இருந்தாலும் நாமாக விரும்பி எடுத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.) அங்கிருந்த பையனுக்கு என் வயதுதான் இருக்கும், எம்ஜிபியை இரண்டாவது முறையாகப் பார்க்கிறான். லிஃப்டில் ஏற்றினான், டார்ச் அடித்தான், அடியில் விரலால் அழுத்தினான். பத்தே நிமிடத்தில் இரண்டு விஷயம். பின் ஆக்ஸில் மேல் ஓடும் பிரேக் குழாய், கையில் எடுத்தால் செதில் செதிலாக உதிர்கிறது. அப்புறம் இடது சில்லின் அடியில், பின்பக்கம், ஓட்டை. சீட் பெல்ட் பிடிக்கும் இடத்திலிருந்து 30 செ.மீ.க்குள் துரு தின்றிருந்தால் ஃபெயில் என்பது விதி. இது ஒரு சாண்கூட இல்லை.

கழற்றிப் பார்த்தபோது கதை வெளியே வந்தது. அந்தப் பட்டறைக்காரன் சில்லை மாற்றவே இல்லை. இற்றுப்போன பழைய சில்லின் மேல் புதுத் தகட்டை ஒரு மூடியாக வைத்து ஓரத்தில் வெல்டிங் அடித்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறான். இங்கே இதற்குப் பெயரே இருக்கிறது, கவர் சில். ஐந்தாறு வருடமாக எழுபது வயதுக்காரர் ஒருவர், உதிர்ந்துகொண்டிருந்த ஒரே ஒரு பிரேக் குழாயை நம்பி, தன் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து, காட்ஸ்வோல்ட்ஸ் மலைச்சரிவுகளில் இறங்கியிருக்கிறார். பிரஷ் போட்டுத் தேய்த்த கம்பிச் சக்கரம் அதைச் சொல்லவில்லை. 54 பவுண்டு 85 பென்ஸ் சொல்லிவிட்டது.

சரி, எதிர்க்கட்சி என்ன சொல்கிறது? பழைய கார்க் கூட்டங்களில் காதில் விழுந்தவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

"இந்தக் காலத்துப் பையன்களுக்கு எங்கள் வண்டி புரியாது." புரிய வேண்டாமே! ஓட்டை ஓட்டைதான், அதற்கு எஸ்யூ கார்புரேட்டரின் ஊசி அளவு தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால் அந்த வண்டியைக் காதலிக்காத ஒருவன் பார்ப்பதுதான் இதில் விசேஷமே. சொந்தக்காரன் தன் வண்டியில் தான் பார்க்க விரும்புகிற இடத்தைத்தான் பார்ப்பான்.

"நவீன அளவுகோலை வைத்து எங்களை ஃபெயில் ஆக்குவார்கள்." சுத்தப் பொய். எம்ஓடியில் வண்டியின் வயதுக்குத் தகுந்தபடிதான் விதி. 1975 ஆகஸ்டுக்கு முன் ஓட ஆரம்பித்த பெட்ரோல் காருக்குப் புகைக் கருவியே வைப்பதில்லை, கண்ணால் பார்த்து அளவுக்கு மீறிப் புகைகிறதா என்று மட்டும்தான். யாரும் எம்ஜிபியிடம் ஏர்பேக் கேட்கவில்லை. 1910கள், 20களின் வண்டிகளைக் கொண்டுபோய் இன்றைய சோதனைக்கூடத்து உருளைகளில் ஏற்றுவது கஷ்டம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். அவற்றுக்கு 2012 விலக்கே போதுமானதாக இருந்தது. 1971 எம்ஜிபிக்கு என்ன கஷ்டம்? நாற்பது வருடமாக எடுத்துக்கொண்டுதானே இருந்தது?

"பாதுகாப்பற்ற வண்டியை ஓட்டினால் எப்படியும் குற்றம்தானே, சட்டம் இருக்கிறதே." இருக்கிறது. 2500 பவுண்டு வரை அபராதம், லைசென்ஸில் மூன்று புள்ளி. ஆனால் அது எப்போது வரும்? போலீஸ் பிடித்தால், இல்லாவிட்டால் மோதிய பிறகு. சில்லுக்குள் என்ன இருக்கிறது என்பதை ரோட்டோரப் போலீஸ்காரர் எப்படிப் பார்ப்பார்?

இதைவிட வேடிக்கை, விலக்கு கேட்கும் முறை. கடந்த 30 வருடத்தில் வண்டியைப் பெரிதாக மாற்றியிருந்தால் விலக்கு கிடையாது. எம்ஜிபியில் ரோவர் வி8 எஞ்சினைத் தூக்கிப் போடுவது இங்கே ரொம்பப் பிரபலம். நாலு சிலிண்டர் எட்டாக மாறினால் அது பெரிய மாற்றமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று விதியே சொல்கிறது. யார் சரிபார்ப்பது? யாரும் இல்லை! "நான் மாற்றவில்லை" என்று உரிமையாளரே ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். பரீட்சை எழுதாமல் பாஸ், அதையும் நாமே போட்டுக்கொள்ளலாம். நம் வகுப்பில் இப்படி ஒரு திட்டம் வந்தால் நானே வரவேற்பேன் :-)

இன்னொரு நஷ்டம் யாரும் பேசாதது. இங்கே எந்தக் காரின் நம்பரைப் போட்டாலும் அதன் எம்ஓடி வரலாற்றை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எந்த வருடம் பாஸ், எதற்காக ஃபெயில், எத்தனை மைல் ஓடியது, "சில்லில் துரு ஆரம்பம்" என்கிற மாதிரி எச்சரிக்கைக் குறிப்புகள், எல்லாம். பழைய கார் வாங்குகிறவனுக்கு அது ஜாதகம் மாதிரி. எம்ஜிபி நம்பரைப் போட்டுப் பாருங்கள், பலவற்றின் ஜாதகம் 2018ஓடு நின்றிருக்கும். அதற்கப்புறம் விற்பவர் சொல்வதுதான் வரலாறு. "சில் மாற்றியது" என்று ஒரு பில்லைக் காட்டுவார். முதலீடாக வாங்கி, தார்ப்பாய் போட்டு மூடி, விலை ஏறியதும் தள்ளிவிடலாம் என்று காத்திருக்கும் கூட்டத்துக்கு இதைவிட வசதி உண்டா? வண்டியை ஓட்ட நினைத்து வாங்குகிற அப்பாவிதான் கடைசியில் அடியில் படுக்க வேண்டும்.

ஐரோப்பிய விதி அனுமதித்ததால்தான் விலக்கு தந்தோம் என்று ஒரு சமாதானம் அப்போது சொன்னார்கள். அனுமதித்தது, கட்டாயப்படுத்தவில்லை. அதே விதியின் கீழ்தான் ஜெர்மனி இருக்கிறது. முப்பது வயது தாண்டிய காருக்கு "எச்" என்று முடியும் தனி நம்பர் பிளேட்டும் வரிச்சலுகையும் கொடுத்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கு வா என்கிறார்கள். பிரான்சில் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, 1960க்கு முந்தையவற்றுக்கு மட்டும் விலக்கு. அங்கெல்லாம் பழைய கார்க் கலாச்சாரம் செத்தா போய்விட்டது?

என் கோரிக்கை ரொம்பச் சின்னது. 1960க்குப் பிந்தைய வண்டிகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது பரிசோதனை. வரி விலக்கு அப்படியே இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது. சட்டம் வரும் வரை கிளப்புகள் செய்யலாம். எம்ஜி கார் கிளப் 1930லிருந்து இருக்கிறது, எம்ஜி ஓனர்ஸ் கிளப் 1973லிருந்து. ஊர்வலத்துக்கு வரும் வண்டி பரிசோதனைச் சீட்டோடு வரட்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். 1988லிருந்து எம்ஜிபியின் உடம்பையே பழைய அச்சுகளை வைத்துப் புதிதாக அடித்துக் கொடுக்கிறார்கள். இந்தக் காருக்குக் கிடைக்காத தகடு கிடையாது, கிடைக்காத குழாய் கிடையாது. சரி செய்ய முடியாத கார் என்றால் பரிதாபப்படலாம். ஒரு சனிக்கிழமையில் மாற்றிவிடக்கூடிய பிரேக் குழாயைப் பார்க்காமல் விடுவதற்குச் சட்டப்படி ஒரு வசதி எதற்கு?

எங்கள் வண்டிக்குக் குழாயை நானே மாற்றினேன், இந்த முறை துருப்பிடிக்காத செம்பு-நிக்கல் கலவைக் குழாய். சில்லை வேறு ஒரு வெல்டரிடம் கொடுத்தோம். கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி அடித்து வண்டி மடியாமல் நிறுத்தி, ஒரு பக்கம் முடித்த பிறகே மறு பக்கம் வெட்டினார். பில் நாலு இலக்கம். பெரியவர் இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை, பரிசோதனைக்குப் போகாமலே இருந்திருந்தால் இந்தச் செலவு வந்திருக்காதாம்!

பி.கு.: இங்கே படிக்க வந்த இடத்தில் யாராவது ஆசைப்பட்டு எம்ஜிபி வாங்கப் போகிறீர்களா? ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள், சில்லில் ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. கதவுக்கும் பின் உடம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலேயும் கீழேயும் ஒரே அளவா என்று பாருங்கள். குனிந்து, அடியில் அந்தக் கோட்டை மதில் பட்டை கண்ணுக்குத் தெரிகிறதா பாருங்கள். தட்டையாகப் புதுத் தகடு மூடியிருந்தால் கவர் சில்தான். எல்லாம் சரியாக இருந்தாலும், "ஒரு எம்ஓடி எடுத்துக் கொடுங்கள், கட்டணம் நான் தருகிறேன்" என்று விற்பவரிடம் கேளுங்கள். முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசலாம்.